பிரேரி மேட்டுநிலத்துக் கருமண்

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ‘தாமா’ எனும் மண்வகை உண்டு. பனிக்கட்டிக் காலத்தின் இறுதியிற் காற்று வாரிக்கொணர்ந்து மேட்டுநிலங்களிற் படியவிட்ட நுண்மண்ணிலிருந்து இது உண்டாயிற்று. இதன் இயல்புகள் வருமாறு:

1. இழையமைப்பு: மணலினும் நுண்ணியதும் களியினும் பருத்ததுமாகிய அடையலே மிகுதி. உலர்ந்தபோது விரலுக்கு மாவுபோற் தோன்றும்.

2. மேல்மண்: ஏறத்தாழ ஓரடி ஆழத்துக்குக் கரியது. பல்லாயிரம் ஆண்டுகளாக நெடும்புற்களின் வேர்கள் உக்கிச் சேர்ந்த சேதனப் பொருளே இக்கருமைக்குக் காரணம்.

3. வடிகால்: மிகைநீர் தேங்காது வடியும், பயிருக்கு வேண்டிய ஈரமோ மண்ணில் தங்கும். அடிமண்ணின் கபில நிறம் நல்வடிகாலைக் காட்டும். சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் நீர் தேங்குவதைக் காட்டும்.

இத்துணை வளமிக்க மண்ணுக்கும் ஒரு குறையுண்டு. அடையல் மழைநீரில் எளிதில் அரிபடும். 19ஆம் நூற்றாண்டிற் புல்தரை உழப்பட்டபின் சரிவுகளில் மேல்மண் பெருமளவு அழிந்தது. ஆகவே, சமவுயரக் கோட்டில் உழுதலும் அறுவடைத்தாளை நிலத்திலேயே விடுதலும் அங்கு அவசியமாயின.

கமக்காரர்களே! உங்கள் நிலத்தில் இரண்டடிக் குழியொன்று வெட்டி அடிமண்ணைப் பாருங்கள். நெல்வயலிற் சாம்பல் நிறம் இயல்பே. மரக்கறித் தோட்டத்தில் அது தென்பட்டால், நடுகைக்கு முன்னரே வடிகால் வெட்டுங்கள்.