தூண்டில் தலைப்புகள்: மூன்று வினாக்கள்

மழைக்காலம் வந்துற்றால் தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்கு 2015-ஆம் ஆண்டின் நினைவு எழாமற் போவதில்லை. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அந்நினைவு தரும் அச்சத்தையே முதலாக வைத்து இன்று கைப்பேசியில் வாணிபம் நடைபெறுகின்றது. "செம்பரம்பாக்கம் திறப்பு! தாம்பரத்தின் கதி என்ன?" என்பன போன்ற தலைப்புகள் அவ்வாணிபத்தின் தூண்டில்கள். தொடுவோர் எண்ணிக்கைக்கேற்ப விளம்பர வருவாய் பெருகுமாதலால், அறிவிப்பதற்கன்றித் தொடச் செய்வதற்கே அவை எழுதப்படுகின்றன.

இவற்றை அடையாளம் காண்பது எங்ஙனம்? நல்ல தலைப்பு செய்தியின் சாரத்தைக் கூறும். தூண்டில் தலைப்பு அதனை மறைக்கும். அளவும் இடமும் கூறியவர் பெயரும் அதில் இரா. வியப்புக்குறியும் வினாக்குறியும் மட்டும் இருக்கும். ஆதலின் மறைக்கப்பட்டவற்றை நாமே வினவுதல் வேண்டும்.

முதல் வினா: எவ்வளவு? 2015 டிசம்பர் 1-ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் வெளியேற்றப்பட்டது. 2020 நவம்பர் 25-ஆம் நாள், நிவர் புயலின்போது, முதலில் திறந்துவிடப்பட்டது 1,000 கனஅடியே. 'ஏரி திறப்பு' என்னும் தலைப்பு இரண்டிற்கும் பொருந்தும். ஆயின் இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாம் வினா: எங்கே? செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கின்றது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அவ்விடத்திற்கு முன்னரே உள்ளவை. அங்குப் பெருகும் வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் பக்கத்திலிருந்து வருவது. எனவே முடிச்சூரில் வாழ்வோர் செம்பரம்பாக்கத் தலைப்பைக் கண்டு நடுங்குவதும் பிழை. அத்தகைய தலைப்பு வரவில்லையே என்று கவலையற்றிருப்பது அதனினும் பெரும்பிழை.

மூன்றாம் வினா: கூறியவர் யார்? 2015 வெள்ளத்தின்போது வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி பரவிற்று. அது பொய்யெனப் பண்ணையினரே மறுத்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் பகுதியில் முதலையொன்று சாலையைக் கடக்கும் காட்சி பரவிற்று. இதுவோ மெய். அப்போது வனத்துறைச் செயலாளராக இருந்த திருமதி சுப்ரியா சாஹு, சென்னையின் நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன என்றும், அவை மனிதரை விட்டு ஒதுங்கும் இயல்பின என்றும், அஞ்ச வேண்டுவதில்லை என்றும் விளக்கினார். ஒரே வகைச் செய்தி ஒருமுறை பொய், மற்றொருமுறை மெய். இரண்டையும் பிரித்துக் காட்டியது, அறிந்தவர் வாய்மொழியே.

எனவே வினவுதல் என்பது அனைத்தையும் மறுத்தல் அன்று. பொய் கேட்டுச் சலித்தவர் மெய்யான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவாராயின், அதனால் வரும் இழப்பே பெரிது. வானிலை ஆய்வு மையத்தின் சிவப்பு எச்சரிக்கையும், மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பும் வந்தால் தாமதியாது செயற்படல் வேண்டும்.

இல்லத்துப் பெரியோர், இன்று தம் கைப்பேசிக்கு வந்த தலைப்பொன்றைப் பிள்ளைகளிடம் காட்டி, இம்மூன்று வினாக்களையும் எழுப்பச் செய்வாராக. விடை கிட்டும்வரை அதனைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலே இப்பாடத்தின் பயிற்சியாகும்.