கூலிக் கணக்கு பெருகுகிறதா?

காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் 3 சேலை நெய்து கொடுத்திருக்கிறார். 2 தடவை தலா ரூ.2,000 முன்பணம் வாங்கியிருக்கிறார். இந்தக் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸில், கூலி டேபிளையும் முன்பண டேபிளையும் நெசவாளர் எண்ணை வைத்து நேரே ஜாயின் செய்தால் 6 வரிகள் வரும். ரூ.4,000 முன்பணம் ரூ.12,000 ஆகிவிடும், கூலி இரட்டிக்கும். எர்ரர் எதுவும் காட்டாது, அதுதான் வம்பு.

உடனே சம் உள்ளே டிஸ்டிங்க்ட் போடாதீர்கள். இரண்டு 2,000-மும் ஒன்றாகி, பாதிப் பணம் காணாமல் போகும்.

கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடுகிறதல்லவா? அதுபோல ஒவ்வொரு டேபிளையும் நெசவாளர் வாரியாக குரூப் பை போட்டுத் தனியே கூட்டுங்கள். பிறகு நெசவாளர் பட்டியலோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்; முன்பணமே வாங்காதவரும் விடுபடமாட்டார்.