நிற்பாட்டுவது ரயர்தான்

ஸ்காபரோ
ஒக்ரோபர் 12

அன்பின் மருமகனுக்கு,

மொன்றியலில் புது வீடு, புது வேலை எல்லாம் உமக்கும் பிள்ளைகளுக்கும் பழகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீர் சொன்னதுதான் மனதில் ஓடுது. "மாமா, எஸ்.யூ.வி.யின்ரை நாலு ரயரும் தேய்ஞ்சு போச்சு. ஓல் சீசன் மலிவாக வருது. ஓல் வீல் டிரைவ்தானே, அதையே போட்டால் வருசம் முழுக்க ஓடலாம்" என்றீர். போனில் வாதாடினால் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். பிடிபட்டால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். ரயரின் பக்கத்தில் மூன்று முகடுள்ள மலையும், அதற்குள் பனிப்பூவும் இருக்க வேண்டும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அங்கே செல்லாது.

ஆனால் தண்டத்துக்குப் பயந்து போட வேண்டாம். ஓல் வீல் டிரைவ் நாலு சில்லுக்கும் இழுவை கொடுக்கும்; பனிக்குள் புதைந்த காரை வெளியே எடுக்கும். பிறேக் பிடிக்கும்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தக் காருக்கும் பிறேக் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. சுகமாக வெளிக்கிடுவதால் றோட்டு நல்லாயிருக்கு என்று நினைத்து வேகமாய்ப் போவோம். வழுக்குது என்று தெரிவது நிற்பாட்டும்போதுதான்.

இந்தக் கணக்கை நானும் ஒருக்கால் பிழையாகப் போட்டவன். 1994ஆம் ஆண்டு, நான் ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிய காலம். முன்சில்லு இழுக்கிற கார்தானே என்று முன்னுக்கு மட்டும் இரண்டு வின்ரர் ரயர் போட்டேன். பாதிக் காசு மிச்சம் என்று பெருமை வேறு. ஒரு மாசி மாத இரவு 401 நெடுஞ்சாலையிலிருந்து வளைந்து இறங்கும்போது அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். முன்பக்கம் றோட்டைப் பிடித்தது, பின்பக்கம் பிடிக்கவில்லை. கார் அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி பனிக்குவியலில் குத்தி நின்றது. பின்சீற்றில் நித்திரையாய்க் கிடந்த மகள் எழும்பி, "அப்பா, வீடு வந்திட்டுதோ?" என்றாள். அடுத்த நாளே கடன்பட்டு மற்ற இரண்டையும் வாங்கினேன். போட்டால் நாலு, அதுவும் ஒரே வகை.

ஓல் சீசன் ஏன் காணாது? குளிர்காலத்தில் உங்கள் குசினித் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிறதைப் பார்த்திருப்பீர். 7 பாகைக்குக் கீழே போகப்போக அந்த ரயரின் ரப்பரும் இறுகும். வின்ரர் ரயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாய் இருக்கும். அதில் நெருக்கமாய் வெட்டிய சின்னக் கீறல்கள் பனியைக் கவ்வும். இரண்டுக்கும் நடுவில் ஓல் வெதர் என்று ஒன்று உண்டு. அதிலும் மலைக்குறி இருக்கும், கியூபெக்கில் செல்லும். நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு அது போதும். நீர் பிள்ளைகளோடு நெடுந்தூரம் ஓடுகிறவர்; உமக்கு முழு வின்ரர் ரயரே சரி.

வாங்கும்போது இதுகளைப் பாரும். சாரதிக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் அளவு இருக்கும். அதோடு ஒத்துப் பாரும். சுமைக் குறியீட்டு எண் குறையக்கூடாது: ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறுகிற வண்டி அது. ரயரின் பக்கத்தில் உள்ள டொட் (DOT) இலக்கத்தின் கடைசி நாலு எண் அது பிறந்த திகதி. 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. மலிவு விலையில் விற்கிற ரயர் எத்தனை வருசம் மூலையில் கிடந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். பாவித்த ரயர் என்றால் தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்திருந்தால் தொடாதேயும். பனிக்கு அது உதவாது. வசதியிருந்தால் தனி ரிம்மும் வாங்கும். ஒவ்வொரு பருவமும் கழற்றிப் பூட்டுகிற கூலி குறையும். வின்ரர் ரயர் ஓடும் மாதங்களில் கோடை ரயர் ஓய்வெடுக்கும்; அதுவும் கூடக்காலம் உழைக்கும்.

பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை இன்னொருக்கால் இறுக்குவியும். குளிர் 5, 6 பாகை இறங்க, ரயரின் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். காலையில் கார் எடுக்க முதல் பாரும்.

நவம்பரில் அங்கே ரயர்க் கடைகளில் இடம் கிடையாது. இந்தக் கிழமையே திகதி எடும். நத்தாருக்கு நீங்கள் 540 கிலோமீற்றர் ஓடி வருவீர்கள். பூட்டினதும் அந்த மலைக்குறியைப் படமெடுத்து எனக்கு அனுப்பும். நாலு சில்லிலும், நாலு படம்.

அன்புடன்,
மாமா