மார்கழியில் தோழி வந்தால்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்குத் திண்ணை கொடுத்த ஊர். இப்போது நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனி, ஹாஸ்டல், பிரியாணிக் கடை. வாலாஜாபாத் ரோட்டில் உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால்தான் ஏரியும் வயலும். அங்கேதான் என் வீடு. போன மார்கழியில் அம்பத்தூரிலிருந்து கல்லூரித் தோழி வந்து நான்கு நாள் தங்கினாள். இந்தக் குறிப்புகளில் பாதி, அப்போது நான் செய்த தப்புகளிலிருந்து வந்தவை.

1. மார்கழி பிறந்த பிறகு கூப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழையைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். போகியன்று விடியற்காலை மட்டும் பயணம் வேண்டாம். பனியும் எரித்த புகையும் சேர்ந்து முன்னால் போகிற லாரியே தெரியாது. இளைப்பு உள்ளவர்கள் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

2. நாள் குறிப்பதற்கு முன் வீட்டுக்காரரின் ஷிப்ட்டைப் பாருங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் பகலெல்லாம் தூங்குவார். நீங்கள் இருவரும் சமையலறையில் கிசுகிசுக்க வேண்டியிருக்கும். தோழி வந்து இறங்குகிற நேரமும் ஷிப்ட் மாறுகிற நேரமாக இருக்கக் கூடாது. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டினால் கூட்டுரோட்டைத் தாண்டவே பொறுமை வேண்டும். காஞ்சிபுரம், வேலூர் போகிற எல்லா பஸ்ஸும் இங்கே நிற்காது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. உள்ளதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 'கிராமத்துக்கு வா' என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். முதல் நாள் ராத்திரி மாடியில் நின்று கம்பெனி விளக்குகளைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுதான் உன் கிராமமா?" என்றாள். ஏரிக்கரை காலையில்தான் காசு பெறும், ராத்திரியில் இல்லை என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

4. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் உபரி அறையை வாடகைக்கு விட்டிருப்போம். அதனால் விருந்தாளிக்குக் கூடம்தான். டைல்ஸ் தரை பின்னிரவில் சில்லிடும். முதலில் கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம், அதற்கும் மேல் மெத்தை. பாய் இல்லாமல் மெத்தையை மட்டும் போட்டால் அடிப்பக்கம் ஈரம் கோத்துக்கொள்ளும். பெட்டியில் கிடந்த கம்பளியை இரண்டு நாள் உச்சி வெயிலில் காயவைத்து உதறி எடுங்கள்; அந்துருண்டை வாசனையோடு யாருக்கும் தூக்கம் வராது. மழை விட்ட மாதம், கொசுவுக்குக் கொண்டாட்டம். விளக்கு வைப்பதற்கு முன்பே ஜன்னலைச் சாத்திவிடுங்கள். வலை இருந்தால் இன்னும் நிம்மதி.

5. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் நாளிதழில் வரும். அன்று காலையிலேயே தொட்டியை நிரப்பி, மாவை அரைத்து வைத்துவிடுங்கள். ஹீட்டரை நம்பாமல் கொல்லையில் ஒரு அண்டா, நாலு விறகு தயாராக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிக்கிற வெந்நீரில் பாட்டிலை ஐந்து நிமிடம் நிற்கவைத்தால் போதும், அடுப்பில் காட்டாதீர்கள்.

6. குளிர்காலத்தில் மானத்தை வாங்குவது இட்லிதான். மாவு புளிக்காது, இட்லி கல்லாகும். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்து ஊறவையுங்கள். அரைத்ததும் கரண்டியால் கிளறாமல் கையால் கரையுங்கள். சமையல் முடிந்து அணைத்த அடுப்பின் பக்கத்தில், அந்தச் சூட்டிலேயே பாத்திரத்தை மூடி வையுங்கள். வழக்கத்தைவிட நாலு மணி நேரம் கூடுதலாக விடுங்கள். தயிருக்குப் பால் விரல் பொறுக்கிற சூட்டில் இருக்க வேண்டும், உறையும் கொஞ்சம் தாராளம். பிறகு பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுப் படுங்கள். அப்படியும் மாவு பொங்கவில்லையா? அசடு வழிய வேண்டாம். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு, நெய்விட்டு டம்ளரில் ஊற்றி வேகவையுங்கள். காஞ்சிபுரம் கோயில் இட்லியின் சாயல் வந்துவிடும். அசல் இட்லி மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகிறது, அது வேறு.

7. மதியத்துக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. மார்கழியில் மொச்சைக்காய் கூடை கூடையாக வரும். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு வெளியே குதிக்கும். இரண்டு கிலோ காய் வாங்குங்கள். தனியாகச் செய்து வைத்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம். முறத்தை நடுவில் வைத்து இருவரும் உட்காருங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் சொன்ன கதைகள், மூன்று வருடம் போனில் பேசியும் வெளியே வராதவை. விருந்தாளியை வேலை வாங்கலாமா என்பவர்கள், ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள்.

8. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். நான் முதல் நாளே ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் சன்னதி, வல்லக்கோட்டை முருகன், காஞ்சிபுரத்தில் புடவைக்கடை என்று இழுத்துப்போனதில், மறுநாள் அவள் எழுந்திருக்கவேயில்லை.

வேடந்தாங்கல் என்றால் அந்த நாளை முழுக்க அதற்கே கொடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைக் காலம். விடியலில் போனால் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் நீர்க்கடம்ப மரங்களில் அடைந்திருப்பதைப் பார்க்கலாம். 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கி இந்த ஏரிப் பறவைகளைக் காத்த ஊர்க்காரர்கள், இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். பளபளப்பான உடை வேண்டாம், சத்தமும் வேண்டாம்.

தோழி பொங்கலும் இருந்தால் மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம். காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு அங்கே எழுந்தருளுவார். ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். அங்கே கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு: 15 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி, வைத்தியர், மருந்துப் பட்டியல் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். என் தோழி நர்ஸ். சாமியைவிட அந்தச் சுவருக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றாள்.

9. ஒரு காலையை ஒன்றுமே செய்யாமல் விடுங்கள். ஏரித்தண்ணீரில் நவரை நாற்று நடும் காலம் அது. வரப்பில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், பிளாஸ்க்கில் சுக்குக் காபி.

10. அந்தச் சுக்குக் காபிப் பொடியே ஊருக்குக் கொடுத்தனுப்பவும் நல்லது. மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் நாலு. தனித்தனியாக வறுத்து, சுக்கை முதலில் உரலில் நசுக்கிக்கொண்டு அரையுங்கள். முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. தோழியைத் திங்கள் பத்து மணிக்கு மேல் அனுப்பி வையுங்கள்.