சிற்றறையில் இசையின் தெளிவு

கடையில் கேட்டபொழுது இனிமையாக ஒலித்த ஸ்டீரியோக் கருவி, வீட்டிற்கு வந்ததும் ஏமாற்றம் அளிப்பது உண்டு. பாட்டின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். மிருதங்கத்தின் இடந்தலை ஓசை பெருமுழக்கமாகி வீணையை விழுங்கிவிடும். கருவியே பழுதென்று கருதி, விலை மிகுந்த வேறொன்றை வாங்க முற்படுவோரும் உளர். ஆனால் பல வேளைகளில் குறை கருவியில் இல்லை, அறையில் இருக்கிறது.

நவி மும்பையில், தாணே கழிமுகத்திற்கும் பார்சிக் குன்றுகளுக்கும் இடையே உள்ள கோபர்கைரனேயில் ஒரு சிறு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.8 மீட்டர். சுவர்களில் சிமெண்டுப் பூச்சு; தரையில் ஓடு; மேலே காங்கிரீட்டுத் தளம். இவை யாவும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் பொருள்கள்.

மீளொலி நேரம்

ஒலியின் மூலம் நின்ற பின்னரும் அறையில் ஒலி சிறிது நேரம் உலவும். அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் காலமே மீளொலி நேரம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் வாலஸ் சாபைன் என்பவர் ஆர்கன் குழல், கடிகாரம், இருக்கை மெத்தைகள் ஆகியவற்றைக் கொண்டு இதனை ஆராயத் தொடங்கினார். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் இந்நேரம் விநாடிகளில் கிடைக்கும். திறந்த சன்னல் தன்மேல் படும் ஒலியைத் திருப்பி அனுப்புவதில்லை; ஆதலால் அதுவே உறிஞ்சுதலின் அளவுகோலாயிற்று.

மேற்கூறிய அறையின் கன அளவு 33.6 கன மீட்டர். பொருள்கள் எவையும் இல்லாதபொழுது அதன் உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 1.9 சதுர மீட்டர் எனக் கொண்டால், மீளொலி நேரம் சுமார் 2.8 விநாடி. 1.5 சதுர மீட்டர் சன்னலைத் திறந்தால் அது சுமார் 1.6 விநாடியாகக் குறையும். கோடையில் சன்னலைத் திறந்து வைத்துக் கேட்ட இசை, மழைக்காலத்தில் சன்னலை அடைத்ததும் குழம்புவதன் காரணம் இதுவே. மெத்தை, தடித்த திரை, சமுக்காளம், புத்தக அலமாரி ஆகியவற்றால் உறிஞ்சும் பரப்பை 10 சதுர மீட்டராக உயர்த்தினால், நேரம் சுமார் அரை விநாடியாகும், சொற்களும் தெளியும்.

தாழ்ந்த ஒலிகளின் முழக்கம்

மெல்லிய துணி உயர்ந்த ஒலிகளையே உறிஞ்சும். தாழ்ந்த ஒலிகளைத் தடுக்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அவை நிலை அலைகளாகின்றன. ஒலியின் வேகத்தை விநாடிக்கு 348 மீட்டர் எனக் கொண்டு, அதனைச் சுவர்களின் இடைத்தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். இவ்வறையின் நீளத்திற்கு அது 43.5, அகலத்திற்கு 58, உயரத்திற்கு 62. பின்னிரண்டும் நெருங்கியிருப்பதால் 60 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகள் மிகைபடுகின்றன. ஒலிபெருக்கியை மூலையில் வைத்தாலும், கேட்பவர் சுவரோடு ஒட்டி அமர்ந்தாலும் முழக்கம் மேலும் வலுக்கும். இரண்டையும் சுவரிலிருந்து சற்று விலக்குவதே செலவில்லாத பரிகாரம். இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைவது நன்று.

இணைப்புச் சோதனை

ஓர் ஒலிபெருக்கியின் கம்பிகள் இடம் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்பொழுது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலி மெலியும். பாடகர் நடுவில் நிற்பதுபோன்ற உணர்வும் தோன்றாது. இரு ஒலிபெருக்கிகளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே ஒலியை இசைக்கவும். பிறகு கருவியை நிறுத்தி, ஒன்றின் கம்பிகளை மட்டும் மாற்றிப் பார்க்கவும். தாழ்ந்த ஒலி எப்பொழுது மிகுகிறதோ அதுவே சரியான இணைப்பு.

அண்டை வீட்டார்

திரையும் மெத்தையும் அறைக்குள் மீளும் ஒலியைக் குறைக்குமேயன்றி, பொதுச்சுவரைக் கடந்து செல்லும் ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆயினும் அறை தெளிவுற்றால் சொற்கள் விளங்குவதற்காக ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. எனவே புதிய கருவிக்குப் பணம் செலவிடுமுன் அறையைச் சீர்செய்து பார்ப்பது, இசை கேட்பவருக்கும் அடுத்த வீட்டில் உறங்கும் குழந்தைக்கும் ஒருங்கே நன்மை தரும்.