மாலைமாற்றுப் பகா எண்கள்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியார் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். சென்னையில் ரங்காசாரியார் 1912-ஆம் ஆண்டு இதனைப் பதிப்பித்தபோது, மைசூர் அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்திலிருந்த பிரதியும் அவருக்குப் பயன்பட்டது. இந்நூலிலுள்ள சில பெருக்கல் கணக்குகளின் விடைகள், கழுத்தணியின் மணிகளைப் போல இருபுறமும் ஒத்து அமைவன. சான்றாக,

139 × 109 = 15151
27994681 × 441 = 12345654321

முதலிலிருந்து படிப்பினும் இறுதியிலிருந்து படிப்பினும் மாறாத செய்யுளைத் தமிழ்ப் புலவர் மாலைமாற்று என்பர். அவ்வாறமைந்த எண்ணை மாலைமாற்று எண் எனலாம். அது பகா எண்ணாகவும் இருப்பின் மாலைமாற்றுப் பகா எண்ணாகும். 101, 131, 151 முதலிய மூவிலக்கப் பகா எண்கள் 15 இவ்வகையின.

நான்கிலக்கங்களில் இத்தகைய எண் ஒன்றேனும் இல்லை. இதற்குக் காரணம் யாது? இரட்டைப்படை இலக்கங்களையுடைய மாலைமாற்று எண்ணில், ஒத்த இலக்கங்களுள் ஒன்று ஒற்றை இடத்திலும் மற்றொன்று இரட்டை இடத்திலும் நிற்கும். ஆதலின் அவ்விடங்களின் கூட்டுத்தொகைகள் சமமாகும். எண் 11-ஆல் வகுபடும். எனவே இவ்வகையில் 11 ஒன்றே பகா எண்ணாகும்.

வடிவ ஒழுங்கு பகாத்தன்மைக்குச் சான்றாகாது. மேற்கண்ட 15151 என்பதை 2 முதல் 107 வரையுள்ள 28 பகா எண்களுள் எதனால் வகுத்தாலும் மீதி வரும். அத்துடன் நிறுத்துவோர் அதனைப் பகா எண்ணென்றே பிழையாக முடிவு செய்வர். ஆனால் அடுத்த பகா எண்ணாகிய 109-ஆல் அது மீதியின்றி வகுபடுகிறது. 15151-இன் வர்க்கமூலம் 123-க்குச் சற்று மிகுதி. அவ்வெல்லை வரை சோதித்த பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

பெரிய எண்களில் இம்முறை பயன்படாது. 1000000000000066600000000000001 என்பது 31 இலக்கங்களையுடைய மாலைமாற்றுப் பகா எண். நடுவே 666, அதன் இருமருங்கும் பதின்மூன்று சுழிகள், ஈற்றில் ஒன்றுகள் என அமைந்தது. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10-இன் 15-ஆம் அடுக்கு. அதுவரையுள்ள ஒற்றை எண்களால் நொடிக்கொன்றாக வகுத்தாலும் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே எண்ணின் பண்புகளைக் கொண்டு பகாத்தன்மையை நிறுவும் முறைகள் கணிப்பொறியில் கையாளப்படுகின்றன. 2021-இல் கண்டறியப்பட்ட ஒரு மாலைமாற்றுப் பகா எண்ணில் 1888529 இலக்கங்கள் உள்ளன. நடு இலக்கம் 8, ஏனைய யாவும் 9. அதனுடன் 1 கூட்டினால் வரும் எண், எளிதில் காரணிப்படும் பெரும் பகுதியைக் கொண்டுள்ளமையால் நிறுவல் இயன்றது.

பயிற்சி: 10201, 10301 ஆகியவற்றுள் பகா எண் எது? மாணவர் எந்த எண் வரை வகுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதை முதலில் கூறுக.