காடழிப்பும் மலையோடைப் பூச்சிகளும்

பூச்சி என்ற மாத்திரத்தில் பயிரைத் தின்று நஷ்டம் விளைவிக்கும் பூச்சிகளையே விவசாயிகள் நினைப்பது வழக்கம். ஆனால் பயிருக்கு யாதொரு கெடுதலும் செய்யாமல், ஓடும் நீரின் அடியில் கற்களைப் பற்றிக்கொண்டு வாழும் பூச்சிகளும் அநேகம் உண்டு. மலைப் பிரதேசத்தில் நிலமுள்ளவர்கள் தங்கள் தோட்டத்தின் ஓரமாகச் செல்லும் ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் இவற்றை எளிதிற் காணலாம். கரையிலுள்ள காட்டை வெட்டும்போது இப்பூச்சிகளுக்கு என்ன நேரிடுகிறது, அதனால் நிலத்துக்கு உடையவர்களும் அவர்களிடம் வேலை செய்வோரும் அடையும் தீங்கு யாது, அதைத் தடுப்பது எவ்விதம் என்பவை இங்கே விளக்கப்படும்.

1. ஓடையில் வாழும் பூச்சிகள்

இவற்றுள் முக்கியமானவை நான்கு. முதலாவது, பூச்சி நூலார் ‘மே ஈ’ என்று வழங்குவது. இதன் இளம் பருவம் தட்டையான உடலும், பெரும்பாலும் மூன்று வால்களும், வயிற்றின் இரு பக்கங்களிலும் வரிசையான செவுள்களும் உடையது. கற்களின்மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். இறக்கை முளைத்து வெளிவந்த பின் இதற்கு இரை உட்கொள்ள வாயில்லை. சில மணி நேரமோ, இரண்டொரு நாளோ உயிர்வாழ்ந்து முட்டையிட்டு மடியும்.

இரண்டாவது ‘கல் ஈ’. இதற்கு வால்கள் இரண்டே. குளிர்ந்ததும் பிராணவாயு மிகுந்ததுமான நீரில்லாவிடில் இது பிழைப்பதரிது. மூன்றாவது ‘காடிஸ் ஈ’. இதன் புழு தன் வாயிலிருந்து பட்டு நூல் இழைத்து, மணலையோ இலைத் துண்டுகளையோ ஒட்டிக் கூடு கட்டி அதனுள் வசிக்கும். இவ்வினத்திற் சில, கற்களின் இடுக்கில் சிறு வலை கட்டி, நீரில் மிதந்து வரும் துகள்களை வடிகட்டித் தின்னும். நான்காவது தும்பி. இதன் குஞ்சு கீழுதட்டைக் கைபோல் நீட்டி, கொசுப்புழு முதலிய சிறு ஜந்துக்களைப் பற்றித் தின்னும் இயல்புடையது.

இவையாவும் இளமையை நீரிற் கழித்துப் பின் இறக்கை பெற்று வெளியேறுபவை. நீரில் இருக்கையில் மீனுக்கும், வெளிவந்தபின் தவளை, சிலந்தி, பறவை, வௌவால் ஆகியவற்றுக்கும் இவை இரையாகின்றன. வளர்ந்த தும்பிகள் வயல்களிற் பறந்து, பயிர்ப் பூச்சிகளையும் கொசுக்களையும் பிடித்துத் தின்பதை விவசாயிகள் அறிவார்கள்.

2. இலையே இரை

காட்டுக்குள் ஓடும் சிற்றோடையில் வெயில் அதிகம் விழுவதில்லை. ஆதலின் பாசியும் குறைவு. அவ்வாறாயின் இத்தனை ஜந்துக்கள் எதைத் தின்று ஜீவிக்கின்றன? கரையிலுள்ள மரங்கள் உதிர்க்கும் இலையே அவற்றின் பிரதான ஆகாரம். நீரில் விழுந்த இலையின்மீது சில நாட்களில் பூஞ்சணம் படர்ந்து அதை மிருதுவாக்குகிறது. பின்னர்ச் சில பூச்சிகள் அதைக் கத்தரித்துத் தின்கின்றன. குளிர் தேசத்து ஓடைகளைவிட உஷ்ண தேசத்து ஓடைகளில் இலை தின்னும் பூச்சிகள் குறைவாக இருப்பது பொதுவழக்கு. அவ்விடங்களில் நண்டும் இறாலும் இவ்வேலையிற் பங்கு கொள்கின்றன. இவை தின்று சிந்திய துகள்களைக் கீழேயுள்ள வலை கட்டும் புழுக்கள் பிடித்துக்கொள்ளும். இவ்விதமாக மலையுச்சியில் விழுந்த இலை, படிப்படியாகக் கீழுள்ள ஆற்று ஜந்துக்கள் வரை உணவளிக்கிறது. வட அமெரிக்காவில் வானட் முதலிய ஐந்து ஆராய்ச்சியாளர் 1980-ல் இத்தொடர்பை ஒரு கொள்கையாக வகுத்து வெளியிட்டனர்.

3. காட்டை வெட்டியபின் நேரும் மாறுதல்கள்

கரை மரங்கள் வெட்டுண்டால் இலை விழுவது நின்று, அதைச் சார்ந்த ஜந்துக்களும் குறைகின்றன. இது முதல் மாறுதல்.

இரண்டாவது, நீர் சூடேறுகிறது. நீர் எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவுக்கு அதிற் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நீரில் 20 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 9.1 மில்லிகிராமும், 25 டிகிரியில் 8.3 மில்லிகிராமும், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமுமே பிராணவாயு கரையும். கல் ஈ போன்றவை முதலில் மறைவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, மண் அரிப்பு. வேர்ப்பிடிப்பும் சருகு மூட்டமும் இல்லாத சரிவில் பெருமழை விழுந்தால் மேல்மண் ஓடையில் வந்து படிகிறது. வண்டல் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. அவ்விடுக்குகளே பூச்சிகளின் வீடு. செவுள்களில் மண் படிந்து மூச்சு முட்டுகிறது. வடிகட்டும் வலைகள் அடைபடுகின்றன.

நான்காவது, வெளிச்சம் மிகுவதால் பாசி பெருகுகிறது. பாசி தின்னும் சில சிறு மே ஈக்களும், சேற்றில் வாழும் சிவந்த புழுக்களும் ஏராளமாகப் பெருகக்கூடும். இதைக் கண்டு ஓடை செழித்திருக்கிறது என்று கொள்வது தவறு. தலை எண்ணிக்கை ஏறினும் இனங்களின் எண்ணிக்கை இறங்குவதே காடழிந்த ஓடையின் அடையாளம்.

4. குதிரைமுகத்தில் கண்ட உண்மைகள்

மேற்கு மலைத்தொடரில் கர்நாடக ராஜ்யத்திலுள்ள குதிரைமுகம், ஏறக்குறைய 1890 மீட்டர் உயரமுள்ள சிகரம். துங்கா, பத்ரா, நேத்திராவதி ஆகிய மூன்று நதிகளும் இம்மலைப் பகுதியில் உற்பத்தியாகின்றன. இதன் மேற்குச் சரிவை அடுத்த தென் கன்னட ஜில்லா 1956 வரை சென்னையுடன் சேர்ந்திருந்தது. இங்கே அடர்ந்த காடு, இயற்கைப் புல்வெளி, பாக்குத் தோட்டம், நெல் வயல், புதர் நிலம், இரும்புக் கனிமச் சுரங்கம் ஆகிய யாவும் அருகருகே இருந்தமையால், கரைநிலத்தின் உபயோகம் ஓடைப் பூச்சிகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாயிற்று. கே. ஏ. சுப்பிரமணியன், கே. ஜி. சிவராமகிருஷ்ணன், மாதவ் காட்கில் ஆகியோர் இவ்வாராய்ச்சியைச் செய்து 2005-ல் வெளியிட்டனர்.

பூச்சிகளின் தொகையைச் சமப்படுத்திக் கணக்கிட்டபோது, அரைப் பசுமைக் காட்டினூடே ஓடும் ஓடைகளிலேயே குடும்பங்களும் பேரினங்களும் மிகுதியாயிருந்தன. புதர் நிலத்தையும் சுரங்கத்தையும் அடுத்த ஓடைகளில் அவை மிகக் குறைந்திருந்தன. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி அச்சுரங்க வேலை 2005-ம் ஆண்டு முடிவில் நிறுத்தப்பட்டது.

விவசாயிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. மனிதர் குடியிருப்பும் பாக்குத் தோட்டமும் உள்ள கரைகளில் ஓடிய ஓடைகள், இன வகையில் பசுமை மாறாக் காட்டோடைகளையும் புல்வெளி ஓடைகளையும் விஞ்சியிருந்தன. பாக்குத் தோட்டம் நிழலுடையது. அதன் மண் ஆண்டுதோறும் உழப்படுவதில்லை. ஆதலின் ஓடைக்கு அது பெருங்கேடு செய்வதில்லை என்று கொள்ளலாம். நிலம் சாகுபடிக்கு வந்தால் ஓடை கெட்டே தீரும் என்பதில்லை. ஆனால் காடு வெட்டுண்டும் தழை ஒடிக்கப்பட்டும் எரியூட்டப்பட்டும் புதராகத் தேய்ந்த நிலத்தால் ஓடைக்கும் பயனில்லை, உடையவனுக்கும் பயனில்லை.

மலைநாட்டுப் பாக்குத் தோட்டக்காரர்களுக்கு ‘சொப்பின பெட்ட’ என்னும் காட்டு நிலங்களில் தழையுரம் வெட்டிக்கொள்ளும் உரிமை நெடுங்காலமாக உண்டு. மரம் தேறுவதற்குள் மீண்டும் மீண்டும் ஒடித்தால் அக்காடே புதராகிவிடும். தோட்டத்தை வளர்ப்பதும் தழை. ஓடையை வளர்ப்பதும் தழை. இரண்டுக்கும் போதுமான அளவு மரத்தில் நிற்கவேண்டும்.

5. மலாய் நாட்டு அனுபவம்

கரைக் காடு போனால் நல்ல பூச்சிகள் குறைவதோடு நிற்பதில்லை. தீய பூச்சிகள் வந்து குடியேறவும் கூடும். இதற்கு மலாய் நாடு சாட்சி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர் பயிரிடுவதற்காகக் காடுகள் பெருவாரியாக வெட்டப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அத்தோட்டங்களில் வேலை செய்தனர். கிள்ளான் பகுதியில் வைத்திய அதிகாரியாயிருந்த மால்கம் வாட்சன், தாழ்ந்த சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தபோது மலேரியாக் காய்ச்சல் குறைந்ததைக் கண்டார். அங்கே நோயைப் பரப்பிய கொசு நிழலில் வளர்வது. ஆனால் குன்றுப் பிரதேசங்களில் அதே முறையைக் கையாண்டும் காய்ச்சல் தணியவில்லை. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வளரும் ‘அனாபிலிஸ் மாகுலேடஸ்’ என்னும் வேறொரு கொசு, நிழல் நீங்கிய ஓடைகளிற் பெருகியதே காரணம். தொழிலாளர் பலர் இக்காய்ச்சலுக்கு இரையாயினர். ஓர் இடத்தில் நன்மையாக முடிந்த காரியமே மற்றோரிடத்தில் தீமையாக முடிந்தது. ஆகையால், ஓடையில் எந்தப் பூச்சி வளர்கிறது என்பதை அறியாமல் கரைக் காட்டின்மேல் கோடரி வைப்பது அபாயகரமானது.

6. ஓடையைப் பரீட்சிக்கும் முறை

இதற்கு யந்திரம் ஒன்றும் வேண்டுவதில்லை. மழைக்காலம் கழிந்து வெள்ளம் வடிந்து நீர் தெளிந்தபின், கணுக்கால் முதல் முழங்கால் வரை ஆழமுள்ளதும், நீர் சலசலத்து ஓடுவதுமான இடத்தைத் தெரிந்தெடுக்கவும். கையிற் பிடிக்கத்தக்க 10 கற்களை மெல்லத் தூக்கி, அவற்றின் அடிப்பாகத்தை ஒரு வெள்ளைத் தட்டிற் கழுவவும். தட்டிலுள்ளவற்றுள் எத்தனை விதம் என்று எண்ணவும். எத்தனை தலை என்று எண்ணுவதாற் பயன் குறைவு. பின்னர்க் கற்களையும் பூச்சிகளையும் அவ்விடத்திலேயே விட்டுவிடவும்.

காடு வெட்டிய இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, ஒரே நாளில் இரண்டு இடங்களைப் பார்த்தல் நலம். மேலே கல் ஈயும் கூடு கட்டும் புழுவும் இருந்து, கீழே சிவந்த புழுக்களே எஞ்சியிருப்பின் தீங்கு நேர்ந்திருப்பது வெளிப்படை. ஆனால் குதிரைமுகத்திற் கண்டபடி, இயற்கையான புல்வெளி ஓடைகளில் இன வகை இயல்பாகவே குறைவு. ஆதலின் காட்டோடையைக் காட்டோடையுடனும் புல்வெளி ஓடையைப் புல்வெளி ஓடையுடனுமே ஒப்பிட வேண்டும்.

7. செய்யத்தக்கவை

(அ) ஓடையின் இரு கரைகளிலும் மரங்களை வெட்டாமல் விடுக. ஸ்வீனி, நியூபோல்ட் என்னும் இருவர் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, சிற்றோடைகளைக் காக்க ஒவ்வொரு கரையிலும் 30 மீட்டர் அகலமாவது காடு வேண்டுமென்று 2014-ல் முடிவு கூறினர். சிறு நிலமுடையோருக்கு இது இயலாதெனின், நீரின்மேல் நிழல் விழும்படியான மர வரிசையையாவது காத்தல் வேண்டும்.

(ஆ) கரை வெறுமையாய் இருந்தால் மழைக்கு முன் புங்கு, நாவல் முதலிய மரங்களைக் கலந்து நடுக. புங்கின் தழை வயலுக்கும் உரமாகும்.

(இ) கரை மரங்களில் தழை ஒடிக்கலாகாது. மற்ற மரங்களிலும் ஒவ்வொரு பகுதிக்கும் தேறுவதற்கு அவகாசம் கொடுத்து மாற்றி மாற்றி ஒடிக்க. தீ வைத்தலை அறவே விலக்குக.

(ஈ) தோட்டத்து வடிகாலை நேரே ஓடையில் விடாமல், ஒரு வண்டற் குழியில் தேக்கி, மண் படிந்தபின் விடுக. குழியில் சேர்ந்த மண்ணை மீண்டும் தோட்டத்தில் இடலாம்.

(உ) பாக்கு அழுகல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவையில் உள்ள செம்பு, நீர்வாழ் ஜந்துக்களுக்கு விஷம். தெளிக்கும் கருவிகளை ஓடையிற் கழுவுவது கூடாது.

(ஊ) ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிக்கப்படாமல் கிராம உத்தியோகஸ்தர்கள் கண்காணித்தல் வேண்டும். முக்கியமாக ஓடையின் தலைப்பாகத்திலுள்ள காட்டுத் துண்டுகளைக் காத்தால், கீழே பூச்சியற்றுப் போன இடங்களுக்கும் அங்கிருந்து நீரோடு மிதந்தும் இறக்கையாற் பறந்தும் பூச்சிகள் வந்து சேரும். உஷ்ண தேசத்து ஓடைப் பூச்சிகளுட் பல, ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை காண்பவை. ஆகையால் தலைப்பாகம் காக்கப்பட்டு, கரையில் மீண்டும் நிழல் உண்டாயின் ஓடை தேறும். தலைப்பாகமே வெட்டுண்டால் விதைநெல்லை உண்டுவிட்ட குடும்பம்போல, மீண்டும் தொடங்குவதற்கு முதல் இல்லாமற் போகும்.